ஸாரி சொல்லாத திறப்பு அண்ணை

லண்டன் மாநகரத்தில் யாரிடமும் எதற்காகவும் 'ஸாரி' சொல்லாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் திறப்பு அண்ணை.

இதன் அருமை இந்த ஊரில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இங்கே நாம் ஒருவர் காலை மிதித்தால், மிதிபட்டவர் நம்மிடம் ஸாரி சொல்வார். கடையில் பால் எடுக்கக் கை நீட்டினால் பக்கத்தில் தயிர் எடுக்கிறவர் ஸாரி சொல்வார். ஒருமுறை துணிக்கடையில் ஒரு பெரியவர் துணி உடுத்தி நிறுத்தியிருந்த பொம்மையில் இடித்துக்கொண்டு, அதனிடம் ஸாரி சொன்னதை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன். பொம்மை பதில் சொல்லாததில் அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்கூட. இப்படிப்பட்ட ஊரில் முப்பது வருஷத்துக்கு மேல் குடியிருந்துகொண்டு, அந்தச் சொல்லை ஒரு தடவைகூட வாயில் எடுக்காமல் ஒருவர் காலம் தள்ளினார் என்றால் சும்மாவா?

அவரை நான் முதலில் பார்த்தது ஹரோ பகுதியில், என் மகள் படிக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில். ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை வாடகைக்கு எடுத்து வாராவாரம் மூன்று மணி நேரம் நடக்கும் வகுப்பு அது. பிள்ளைகள் உள்ளே 'அ, ஆ' எழுதுவார்கள். பெற்றோர் வெளியே நீளமான நடையில், ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அளவெடுத்துச் செய்த நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். பெரும்பாலானவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். நான் திருச்சி. கணினி மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது என் தொழில். வீட்டிலும் அதையேதான் செய்கிறேன் என்பது என் கணவரின் புகார்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் அத்தனை கதவுகளையும் திறந்து பூட்டுகிறவர் அவர். நாம் சாவி என்பதை யாழ்ப்பாணத்தில் திறப்பு என்பார்கள். எனவே திறப்பு அண்ணை. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. சம்பளச் சீட்டு எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்கலாம். ஒல்லி, உயரம், கோடையிலும் கழற்றாத பழுப்புக் கோட்டு. இடுப்பில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வளையம், அதில் நாற்பது திறப்புகள். அவர் நடையின் ஒரு முனையில் வந்தால் மறு முனையில் பேசிக்கொண்டிருக்கும் வம்பு தானாக நின்றுவிடும். பக்கத்து ரெய்னர்ஸ் லேனில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தார்.

முதல் நாளே அவர் காலை மிதித்தேன். "ஐயோ, ஸாரி!" என்றேன்.

அவர் காலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "எந்த ஸாரி, தங்கச்சி?"

"என்னது?"

"ஆர் சொல்லுறது, ஆருக்குச் சொல்லுறது, கதவு திறந்திருக்கோ பூட்டியிருக்கோ. இந்த மூண்டும் தெரியாமல் ஒரு ஸாரியையும் எடுத்து வைக்க ஏலாது."

கோட்டுப் பையிலிருந்து தபால் அட்டை அளவில் ஒரு கட்டு அட்டைகளை எடுத்தார். பழைய வருகைப் பதிவு அட்டைகள். ஒன்றின் பின்பக்கத்தில் குட்டிக் குட்டி எழுத்தில் எழுதினார்: 'புதுத் தாய், இந்தியா. வலது கால். கதவு திறந்திருக்கு. பயத்தில் சொன்னது.' அதன் கீழே, தமிழ் எழுத்திலேயே, எனக்குப் புரியாத ஒரு சொல்: ப்ரோமின்யதே.

"இது என்ன பாஷை?"

"செக்" என்று சொல்லிவிட்டு அடுத்த கதவைத் திறக்கப் போய்விட்டார்.

எனக்குப் பக்கத்தில் பவானி அக்கா உட்கார்ந்திருந்தார். ஹரோவில் நடக்கிற எல்லாவற்றையும் நடப்பதற்கு முதல் நாளே அறிந்து வைத்திருப்பவர். இரண்டு லிட்டர் தெர்மோஸிலிருந்து எனக்கு இஞ்சித் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"பயப்பிடாதேங்கோ. ஆள் நல்ல மனிசன். வரேக்கை வழியிலை செக்கோஸ்லோவாக்கியாவிலை கொஞ்சக் காலம் நிண்டவர். அண்டையிலிருந்து லண்டன்காரர் சொல்லுற ஸாரி எல்லாத்தையும் பிடிச்சுப் பிடிச்சுச் செக்கிலை மாத்திக்கொண்டு திரியிறார். எங்கடை ஆக்கள் வீடு வாங்கிச்சினம், கடை வாங்கிச்சினம். இவர் இதைச் சேர்த்தார்."

உண்மையாகவே சேர்த்திருந்தார். அவர் அறையில் செருப்புப் பெட்டி செருப்புப் பெட்டியாக அட்டைகள் இருப்பதாகப் பேச்சு. நாங்களோ ஒரு 'ஸாரி'யை வைத்துக்கொண்டு பிறப்பு முதல் இறப்பு வரை ஓட்டிவிடுகிறோம். செக் நாட்டுக்காரர்களுக்கு அது போதாதாம். பஸ்ஸில் இடித்தால் ஒன்று. காதில் விழாமல் திரும்பக் கேட்டால் வேறொன்று. கடை பூட்டியாகிவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்பதற்கு ஒன்று. செத்த வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல இன்னொன்று. இதையெல்லாம் அவர் எனக்கு விளக்கியபோது ஒரு சனிக்கிழமை முழுதும் போய்விட்டது. என் மகள் அன்றைக்கு 'ஞ' வரை முடித்திருந்தாள்.

அவர் அட்டை பிடிக்கும் முறை அலாதியானது. ஒருமுறை ரயிலில் ஒரு வெள்ளைக்காரர் குடையால் இவரைக் குத்திவிட்டு ஸாரி சொல்லியிருக்கிறார். இவர் அவர் பின்னாலேயே வேறொரு ஸ்டேஷனில் இறங்கி, மரியாதையாகக் கூப்பிட்டு, "நீங்கள் சொன்னது மனதார வந்ததா, பழக்கத்தில் வந்ததா?" என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் பயந்துபோய், "ஸாரி?" என்றாராம். பிறகு "ஸோ ஸாரி" என்றாராம். பிறகு "ஸாரி, எனக்கு நேரமாகிவிட்டது" என்று ஓடினாராம்.

"ஒரே ஆளிட்டை நாலு அட்டை!" என்று அண்ணை எங்களிடம் காட்டினார். நாலும் நாலு சொல். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

இன்னொரு நாள் ஒரு ஸ்டேஷனில் ஒலிபெருக்கி, 'தாமதத்துக்கு நாங்கள் வருந்துகிறோம்' என்றது. இவர் நேரே அலுவலகத்துக்குப் போய், அந்த 'நாங்கள்' யார், அவரைப் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்த பெண், அது பதிவு செய்த குரல் என்று சொல்லிப் பார்த்தாள். "அப்ப வருந்துற ஆள் ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டார். அவள் யோசித்துவிட்டு, "நான் வேண்டுமானால் வருந்துகிறேன்" என்றாளாம். அந்த அட்டையில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார்.

ஆனால் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வராது. கதவை முகத்தில் மோதினாலும் வராது. குனிவார், தூசி தட்டிவிடுவார், தண்ணீர் கொண்டுவந்து தருவார். ஸாரி மட்டும் கிடையாது. "என்ன கொழுப்பு பாத்தியா இந்த மனுஷனுக்கு!" என்று நானே வீட்டில் வந்து பொரிந்திருக்கிறேன்.

அந்த வளையத்தில் ஒரு திறப்பு மட்டும் மற்றவற்றோடு சேராது. கரண்டிக் காம்பு நீளத்தில், பழைய கால இரும்பில் செய்தது. எந்த அறைக்கு என்று கேட்டேன். "அது இஞ்சத்தை இல்லை" என்றார்.

ஆண்டு விழா நெருங்கிய ஒரு சனிக்கிழமை அது நடந்தது. என் மகளுக்கு ராணி வேஷம். கிரீடத்தில் ஜரிகைக் காகிதம் பிய்ந்துவிட்டது. உடைகள் வைக்கும் சின்ன அறையில் போய்த் தரையில் உட்கார்ந்து ஒட்டத் தொடங்கினேன். இந்த நாட்டில் சில அறைகளில் ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும். பசை காயட்டும் என்று நான் கிரீடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். விளக்கு அணைந்தது. அணைந்த மறு நொடி, வெளியே 'க்ளிக்'.

கைபேசி நடையில் கோட்டுக்குள் இருந்தது. கதவைத் தட்டினேன். அடுத்த அறையில் மிருதங்க வகுப்பு. நான் தட்டத் தட்ட அவர்கள் இன்னும் உற்சாகமாக வாசித்தார்கள். யாரோ ஒரு மாணவன் கடைசியில் தாளத்தைப் பிடித்துவிட்டான் என்று வாத்தியார் நினைத்தாராம். பிறகு அவரே சொன்னார். நாற்பது நிமிஷம். பாரி வேந்தன் உடையும் ஔவையாரின் நரைமுடியும் எனக்குத் துணை.

கதவு திறந்தபோது வாசலில் அண்ணை. நான் பிடித்துக்கொண்டேன்.

"உள்ள ஆள் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பூட்ட மாட்டீங்களா? மனுஷி உள்ள செத்துக் கிடந்தாலும் தெரியாது! இப்பவாவது ஒரு ஸாரி சொல்ல வாய் வருதா உங்களுக்கு? ஊர் பூரா ஸாரியைப் பொறுக்கி வைக்கிறீங்க, சொந்தமா ஒண்ணு கிடையாதா?"

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அப்படியே சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ளை... திரும்பவும் செய்துபோட்டன்" என்றார்.

திரும்பவுமா? என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தலையில் கிரீடத்தோடு நானும் எதிரே உட்கார்ந்தேன்.

"பிர்னோ எண்டு ஒரு ஊர். களவா எல்லை கடத்துற ஏஜென்ட் எங்கள் ஆறு பேரை அங்கை ஒரு வீட்டு மேல்மாடியிலை கொண்டுபோய் விட்டவன். நாலு நாளிலை ஜெர்மனி எண்டான். எட்டு மாசம் இருந்தம். கீழை வ்லாஸ்தா எண்டு ஒரு பொம்பிளை. ரொட்டி ஃபாக்டரியிலை வேலை, தனி ஆள். அவவின்ரை வீடுதான். போலீசுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. சூப்பு வச்சுத் தந்தவ. நான் விடிய எழும்பி முற்றத்துக் கொட்டிலுக்குள்ளையிருந்து கரி அள்ளிக் குடுப்பன். அதுக்காண்டித் திறப்புக் கோர்வையை என்னட்டையே விட்டிருந்தவ. கரி அள்ளேக்கை ஒவ்வொரு சொல்லாச் சொல்லித் தருவா. எனக்குத் தெரிஞ்ச செக் முழுக்க அவ தந்ததுதான்."

வளையத்தில் அந்தப் பழைய இரும்புத் திறப்பைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"ஏஜென்ட்டின்ரை சட்டம் ஒண்டு இருந்தது. கடைசியாப் போறவன் வெளியாலை பூட்டோணும். உள்ளுக்கை ஆள் இருந்தாலும் பூட்டோணும். பூட்டின வீட்டை ஒருத்தரும் தட்ட மாட்டினம். அது கையிலை ஊறிப்போச்சு. ஒரு நாள் விடியக் காலமை வான் வண்டி வந்து நிண்டுது. அஞ்சு நிமிசம் எண்டான். நான்தான் கடைசி. பூட்டிப்போட்டு ஓடினன். எல்லையைத் தாண்டி, காட்டைத் தாண்டி, ஜெர்மனிக்குள்ளை வந்து குளிருக்குப் பொக்கற்றுக்குள்ளை கையை விட்டன். திறப்பு."

"அவங்க?"

"உள்ளுக்கை. அண்டைக்கு ஆறு மணிக்கு அவவுக்கு வேலை. ஒரு நாளும் பிந்தாத மனிசி. ஆர் வந்து திறந்துவிட்டது, எத்தினை மணித்தியாலம் இருந்தவ, வேலை போச்சோ, எங்களாலை போலீஸ் வந்துதோ... ஒண்டும் தெரியாது, தங்கச்சி. சோறு வச்சவவை உள்ளுக்கை வச்சுப் பூட்டிப்போட்டு ஓடி வந்தனான் நான்."

"ஒரு லெட்டர் போட்டிருக்கலாமே அண்ணை?" அன்றைக்குத்தான் என் வாயில் 'அண்ணா' போய் 'அண்ணை' வந்தது.

"முதல்லை, எழுதினா அவவைப் பிடிப்பினம் எண்டு பயம். பேந்து எனக்கு இஞ்ச இருக்கிறதுக்கு விசாப் பேப்பர் கிடைக்கேல்லை. அது கிடைச்சாப் பிறகு இருந்து எழுதப் பாத்தன். என்னெண்டு எழுதுறது? ஸாரி எண்டோ? பஸ்ஸிலை இடிச்சவனுக்குச் சொல்லுறதையோ அவவுக்குச் சொல்லுறது? சரியான சொல்லு வேணும். கிடைச்ச உடனை எழுதுவன். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். என்ரை முதல் ஸாரி அவவுக்கு."

முப்பது வருஷமாக இந்த மனிதர் ஊர் ஊராக அலைந்து பொறுக்கியது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. கொழுப்பு என்று சொன்ன வாயை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் பவானி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, ராணிக்கு முன்னாலை விசாரணையோ?" என்றார். அவருக்கும் சொன்னோம். அவர் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு செய்தியை எனக்குப் பின்னால் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினார்.

அடுத்த வாரமே நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன். கைபேசியில் மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து, 'ஸாரி' என்று அடித்து, அவரிடம் நீட்டினேன். ஒரு நொடியில் ஒரு செக் சொல் வந்தது. அண்ணை கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கைபேசியின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"ஆரெண்டு கேக்கேல்லையே இது!"

"கேக்காது அண்ணை."

"ஆருக்கெண்டும் கேக்கேல்லை. எடுத்த எடுப்பிலை சொல்லிப்போட்டுது. இதுக்கு என்ன பொறுப்பு இருக்கு?"

கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்ய?

ஜனவரியில் பள்ளிக்கூடத்தின் வெந்நீர்க் கொதிகலன் படுத்துவிட்டது. பெற்றோர் கோட்டுக்கு மேல் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்க, பழுது பார்க்க ஒரு ஆள் வந்தார். பாவெல் என்று பெயர். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேசினார். அண்ணை திரும்பி, வேறு பாஷையில் ஏதோ சொன்னார். பாவெல் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டார்.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் கொதிகலனை யாரும் தொடவில்லை. பாவெல் எங்கள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்: "நானும் பிர்னோ பக்கம்தான். இவர் பேசுவது எங்கள் ஊர் ரொட்டித் தொழிற்சாலைப் பெண்கள் அந்தக் காலத்தில் பேசிய பேச்சு. என் பெரியம்மா பேசுகிற மாதிரியே இருக்கிறது. இவரைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது."

அண்ணை ஆறு அட்டைகளைக் கொதிகலன் மேல் வரிசையாக அடுக்கினார். வடிகட்டி வடிகட்டி மிஞ்சியவை. நடந்ததையும் சொன்னார். பாவெல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"இது டிராமில் சொல்வது. இது உங்களுக்குக் காது கேட்காதபோது சொல்வது. இது கடைக்காரர் கதவை மூடும்போது சொல்வது. இது நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு எழுதுவது. இதை எழுதினால் கீழே முத்திரை குத்த வேண்டும். இது செத்த வீட்டுக்கு." ஆறாவது அட்டையை உடனே கீழே வைக்கவில்லை. அதில் இருந்த சொல் 'ஒத்புஸ்த்ய'. "இது வேறு மாதிரி. ஒரே மேசையில் சாப்பிட்டவர்களுக்குள் சொல்லிக்கொள்வது. இதைச் சொல்லிவிட்டு ஓடிவிட முடியாது. சொன்ன இடத்திலேயே நின்று பதில் கேட்க வேண்டும்."

"அப்ப இதுதான்" என்றார் அண்ணை தமிழில். பாவெலுக்கும் அது விளங்கிவிட்டது.

கடிதம் எழுத மூன்று சனிக்கிழமை ஆனது. முதல் வாரம் நாலு பக்கம். இரண்டாவது வாரம் ஒரு பக்கம். மூன்றாவது வாரம் முகவரியும், தான் யார் என்று ஒரு வரியும், அந்தச் சொல்லும். முகவரி மட்டும் அவருக்கு எழுதிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. முப்பது வருஷமாக மனப்பாடம்.

"திறப்பையும் உள்ள வச்சு அனுப்பிடுங்களேன்" என்றேன்.

"திறப்பைத் தபாலிலை அனுப்பினா, கோவத்திலை எறிஞ்ச மாதிரி, பிள்ளை. அது கையிலை குடுக்க வேண்டிய சாமான்."

பிறகு காத்திருப்பு. அதுதான் பொல்லாதது. பதிலுக்குப் பள்ளிக்கூட முகவரியைத்தான் கொடுத்திருந்தார், அதன் தபால் பெட்டியைத் திறப்பதும் அவர் வேலைதான். தினமும் ஒருமுறை திறக்கிறவர் நாலு முறை திறந்தார். அட்டை எழுதுவது நின்றுவிட்டது. என் முன்னாலேயே ஒருவர் அவரிடம் அருமையான ஒரு ஸாரி சொன்னார். அண்ணை அதைக் காதில் வாங்கவே இல்லை. அவவுக்கு எழுபது வயதிருக்கும், வீடு மாறியிருப்பா, இருக்கிறாவோ என்னவோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். நடையில் வளையச் சத்தம் மெலிந்துபோனது. பவானி அக்கா, "நாங்கள் பேசாமல் இருந்திருக்கலாம். தேடிக்கொண்டு திரிஞ்ச மனிசனைக் காத்துக்கொண்டு இருக்க வச்சிட்டம்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

சித்திரை வருஷப் பிறப்பு முடிந்த சனிக்கிழமை, உறை வந்தது. நடுங்கும் கையெழுத்து. அண்ணை அதை என்னிடம் நீட்டினார். "நான் வாசிக்க மாட்டன்" என்றார். கொதிகலன் நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் பாவெலை அழைத்தோம்.

பாவெல் நடையில் நின்று ஒவ்வொரு வரியாக வாசித்து ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழில் தருகிறேன்.

'சமையலறை ஜன்னல் உனக்கு ஞாபகமில்லையா? தரையிலிருந்து ஒரு முழ உயரம். அன்றைக்கு அதன் வழியாக இறங்கி வேலைக்குப் போனேன். நேரத்துக்குத்தான் போனேன். அடுத்த வாரம் என் தம்பி பூட்டை மாற்றினான்.'

முப்பது வருஷம்! முப்பது வருஷமாக இந்த மனிதர் தன் மனதுக்குள் பூட்டி வைத்திருந்த பெண், இரண்டு நிமிஷத்தில் ஜன்னல் வழியாக இறங்கிப் போயிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பவானி அக்கா என் தொடையில் கிள்ளினார். பாவெல் தொடர்ந்து வாசித்தார்.

'பூட்டியது எனக்குப் பெரிதில்லை. அன்று சாயங்காலம் ஏழு பேருக்குச் சமைத்தேன். சூப்பு ஆறும் வரை உட்கார்ந்திருந்தேன். எல்லையில் காட்டுக்குள் பையன்கள் செத்துக் கிடந்தார்கள் என்று அப்போதெல்லாம் பேச்சு வரும். நீங்கள்தான் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் நவம்பரில் இறந்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். வருஷா வருஷம் ஆறு ஏற்றுகிறேன். இனி ஐந்து போதும் போலிருக்கிறது.'

அண்ணை பாவெலின் கையைப் பிடித்தார். "ஐயோ, அஞ்சும் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ! எல்லாரும் உயிரோடைதான் இருக்கிறாங்கள். ஒருத்தன் கனடாவிலை மூண்டு கடை வச்சிருக்கிறான். ஒருத்தனுக்குப் பேரப்பிள்ளை பிறந்திட்டுது. ஒருத்தருக்கும் மெழுகுதிரி வேண்டாம்!" சொல்லிக்கொண்டே அழுதார். ஆறடி மனிதர், ஆறு வயதுப் பிள்ளையின் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். நடையில் இருந்த இருபது பேரும் வேறெங்கோ பார்த்தோம்.

கடைசி வரியைப் பாவெல் இரண்டு முறை வாசித்தார். 'மன்னித்தேனா இல்லையா என்று கடிதத்தில் எழுத மாட்டேன். அந்தச் சொல்லை எழுதியவன் வந்து, எதிரே நின்று, பதிலைக் கேட்டுப் போக வேண்டும். வீடு அதேதான். கதவு பூட்டியில்லை.'

இரண்டு வாரம் லீவு போட்டார். முப்பது வருஷத்தில் முதல் லீவு. புறப்படும் நாள் வளையத்தை என் கையில் தந்தார். நாற்பதில் ஒன்று குறைவு.

"தங்கச்சி, பூட்ட முதல் தட்டிப்போட்டுப் பூட்டுங்கோ. ரெண்டு தரம் தட்டுங்கோ."

"சரி அண்ணை. போயிட்டு வாங்க."

"ஓம், வாறன்."

அந்தப் பழுப்புக் கோட்டு தெருக்கோடி திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இடுப்பில் சத்தமில்லாமல் அவர் நடந்து நான் பார்த்ததே இல்லை. வேறு யாரோ மாதிரி இருந்தது.

ஐந்தாம் நாள் காலை அலுவலகத்தில் இருந்தபோது ஒரு வெளிநாட்டு எண். எடுத்தேன்.

"தங்கச்சி, ஸாரி" என்றது குரல். "அண்டைக்கு உங்களை உள்ளுக்கை வச்சுப் பூட்டினதுக்கு."

பிர்னோவில் என்ன நடந்தது, அவர் என்ன சொன்னார், அந்த அம்மா என்ன சொன்னார் என்று நான் கேட்கவே இல்லை. முதல் ஸாரி போய்ச் சேர்ந்துவிட்டது. இல்லையென்றால் இரண்டாவது எனக்கு வந்திருக்காது. "எந்த ஸாரி அண்ணை?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். பின்னால் பாத்திரம் வைக்கும் சத்தமும், ஒரு பெண் குரலும் கேட்டன. ஏதோ அதட்டல். "சூப்பு ஆறுதாம்" என்று வைத்துவிட்டார்.

இரண்டு வாரம் என்று போனவர். இது பத்தாவது வாரம். அந்த வீட்டுக் கதவு கீல் சரியில்லையாம், முழங்கால் வலியோடு இருக்கிற அந்த அம்மாவை விட்டுவிட்டு எப்படி வருவது என்று பாவெல் மூலம் சேதி வந்தது. மூன்று மாதத்துக்கு மேல் அங்கே தங்க விசா இல்லையே, வந்துதானே ஆக வேண்டும் என்று பவானி அக்கா விரல் விட்டு எண்ணுகிறார். நான் எண்ணுவதில்லை. சனிக்கிழமைகளில் அறை அறையாகப் போய் இரண்டு தரம் தட்டிவிட்டுப் பூட்டுகிறேன். நடையில் வளையம் குலுங்கும்போது, யாரோ வருகிறார் என்று நானே திரும்பிப் பார்க்கிறேன்.

போன வாரம் பாவெலிடம், 'நீங்கள் இல்லாமல் என்னவோ போல் இருக்கிறது' என்பதற்குச் செக்கில் என்னவென்று கேட்டேன். யார், யாருக்கு, கதவு திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்று அவர் திருப்பிக் கேட்டார். அவரையும் கெடுத்து வைத்திருக்கிறார் அண்ணை.

நான்தான். திறப்பு அண்ணைக்கு. திறந்துதான் வைத்திருக்கிறேன்.